வீடு திரும்ப வீடில்லாதவர்களுக்கு

உள்நோயாளியின் பதிவுச் சீட்டில் முகவரிக்கென ஓர் இடம் உண்டு. மலையிலிருந்து வருவோர் சிலருக்கு அங்கே ஓர் ஏலத் தோட்டத்தின் பெயரை எழுதிக்கொள்கிறோம். அவர் குணமடைந்து வெளியேறும் நாளில் அது அவருடைய முகவரியாக இருக்குமா என்பதை அப்போது எவரும் கேட்பதில்லை.

போடிநாயக்கனூரிலிருந்து விடியலில் ஜீப்பில் ஏறி, முந்தல், போடிமெட்டு வழியாக வேலைக்குச் சென்று மாலையில் இறங்கி வருவோர்க்கு ஊரில் ஒரு வீடு இருக்கிறது. லயங்களில் தங்கியே வாழ்நாளைக் கழித்தவர் நிலை வேறு. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. ஐம்பது வயதைக் கடந்தபின் மூட்டுத் தேய்ந்தோ, மனநோய் கண்டோ வேலை நின்றால், கூலியும் கூரையும் ஏறக்குறைய ஒன்றாகவே போய்விடுகின்றன. உடன்பிறந்தார் வீட்டில் சில மாதங்கள் கழியும். பிறகு பேருந்து நிலையம். 2023 ஜூன் முதல் மீண்டும் ரயில் வந்து நிற்கும் போடி, அந்தப் பாதையின் கடைசி நிலையம். வழி தவறி அந்த வண்டியில் ஏறியவரும் இங்கே இறங்கித்தான் ஆகவேண்டும்.

மனநோயால்தான் ஒருவர் தெருவுக்கு வருகிறார் என்று பலரும் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை. தெருவே நோயை வளர்க்கிறது. அச்சத்தோடு படுப்பவருக்கு ஆழ்ந்த உறக்கம் வாய்ப்பதில்லை. உறக்கம் கெட்டால் மனநோயின் குறிகள் மீண்டும் தலைதூக்கும். மாத்திரைப் பொட்டலம் மழையில் நனைகிறது அல்லது பையோடு களவு போகிறது. இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க இடமில்லை. ஆகவே, 'முதலில் முழுமையாகக் குணமாகட்டும், வீட்டைப் பிறகு பார்க்கலாம்' என்னும் வாதம் எங்களுக்கு ஏற்புடையதன்று. மருந்து வேலை செய்யவே ஒரு வீடு வேண்டும். அமெரிக்காவின் நியூயார்க்கில் 1992இல் தொடங்கி, பின்னர் பின்லாந்து நாடு கொள்கையாகவே ஏற்றுக்கொண்ட முறை இதுதான்: முன்நிபந்தனை இன்றி முதலில் வீடு, அதனோடு சேர்ந்து சிகிச்சை.

நம் மாநிலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இருவர் 1993இல் சென்னையில் 'தி பானியன்' அமைப்பைத் தொடங்கினர். தெருவில் வாடிய மனநோயுற்ற பெண்களுக்கு அடைக்கலம் தந்து, குணமடைந்தபின் குடும்பத்தோடு சேர்த்துவைத்தனர். ஆனால் போக இடமில்லாத சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்க நேர்ந்தது. அவர்களுக்காக 2015இல் 'ஹோம் அகெய்ன்' திட்டம் வந்தது. சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகள். வீட்டுக்கு நான்கைந்து பேர். தேவைக்கேற்ப உடனிருந்து உதவப் பணியாளர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநல வழிகாட்டியில் இதனை நல்லதொரு முன்மாதிரியாகச் சேர்த்தது. நெடுநாள் வார்டில் இருந்தவருக்கு, இன்று என்ன குழம்பு என்று தாமே முடிவு செய்வதும் பழகவேண்டிய வேலையே. எனவே தொடக்க மாதங்களில் தடுமாற்றம் கண்டு குடும்பத்தார் மனம் தளர வேண்டாம்.

சட்டமும் துணை நிற்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்னும் காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கலாகாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 19ஆம் பிரிவு. மனநோயோடு அலைந்து திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு செல்வது காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை என்கிறது 100ஆம் பிரிவு. அவரை லாக்கப்பில் அடைக்கக் கூடாது. காணாமற்போனவர் என முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடவும் வேண்டும். இத்தகையோருக்கான அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையம் தேனி மாவட்டத்திலும் உண்டு.

எங்களிடம் உறவினர் சிலர் தாழ்ந்த குரலில், "கூட்டிக்கொண்டு போக எங்களால் முடியாது" என்கின்றனர். சொல்லக் கூசும் சொல்தான். ஆயினும் டிஸ்சார்ஜ் நாள் காலையில் சொல்வதைவிட, அனுமதித்த முதல் வாரத்தில் சொல்லிவிடுவது நோயாளிக்கு நல்லது. மாற்று ஏற்பாட்டுக்கு நாள் பிடிக்கும். ஆதார் தொலைந்திருந்தால் கைரேகை அல்லது கருவிழிப் பதிவைக் கொண்டு எண்ணைக் கண்டறிய வழியுண்டு. காய் பறித்து ரேகை தேய்ந்த கைகளுக்குக் கருவிழியே உதவும். ஆதார் கிடைத்தால்தான் ஆதரவற்ற முதியோருக்கான மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியத்துக்கும் குடும்ப அட்டைக்கும் விண்ணப்பிப்பது எளிதாகும். மனநல ஆலோசனைக்கு எந்நேரமும் 14416, முதியோர் உதவிக்கு 14567. பழைய மருந்துச் சீட்டு, தோட்டத்துச் சம்பள அட்டை, கிழிந்த குடும்ப அட்டை என எது கையில் இருந்தாலும் எறியாமல், வார்டுக்கு வரும்போது எடுத்து வாருங்கள்.