ஹாரனுக்குக் குறுகும் தோள்கள்
குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நைட் ஷிஃப்ட் முடித்து அசிடிட்டி மாத்திரை வாங்க வரும் பெண், பின்னால் பஸ் ஹாரன் அடித்தாலே தோளைக் குறுக்கிக்கொள்கிறார். பார்க்கவே மனசு சங்கடப்படும்.

அந்தக் குறுகலைப் பார்க்கும்போது, தொடர் நெருக்கடி உடலை என்ன செய்யும் என்று யோசிப்பேன். நெருக்கடியில் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. மூளையின் ஹிப்போகாம்பஸில் உள்ள ஏற்பிகள் அதைப் பிடித்து, ‘போதும்’ என்று தகவல் அனுப்பும். நெருக்கடி நாள்தோறும் தொடர்ந்தால் அந்த ஏற்பிகள் குறையலாம், மந்தமாகலாம். அப்போது கார்ட்டிசால் எளிதில் இறங்காது.

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜி குழுவினர், தொடர் நெருக்கடியின் விளைவைப் பார்க்க எலிகளைத் தினம் 2 மணி நேரம், 10 நாள் அசையவிடாமல் வைத்தார்கள். ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவிலோ தழைத்தன. இந்த ஆய்வு 2002-இல் வெளியானது. எனக்கு அதிகம் உறைத்தது அதே குழுவிடமிருந்து 2004-இல் வந்த முடிவுதான்: 21 நாள் ஓய்வில் ஹிப்போகாம்பஸ் மீண்டது, அமிக்டலா மீளவில்லை. எலிகளின் பதற்றமும் தணியவில்லை.