குற்றால அருவிப் பெயர்களும் பிரெஞ்சு நெடும்பெயர்களும்: சொல்லாக்கமும் அசைப்பிரிப்பும்

முன்னுரை

பிறமொழிச் சொற்களின் ஒலிப்பமைப்பைத் தமிழில் விளக்குவோர், ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலிப்பலகை ‘அசை’ என்றே குறிக்கின்றனர். யாப்பிலக்கணத்தின் நேரசையும் நிரையசையும் அப்பெயராலேயே வழங்குகின்றன. தென்காசி மாவட்டத்து ‘வடகரை’ என்னும் ஊர்ப்பெயர் ஒலிப்பில் வ-ட-க-ரை என நான்காகவும், யாப்பில் வட/கரை என நிரைநிரையாக இரண்டாகவும் பிரியும். ஒரே கலைச்சொல் இருவேறு எண்ணிக்கையைத் தருவதால், இக்கட்டுரை முன்னதை ஒலியசை என்றும் பின்னதை யாப்பசை என்றும் வேறுபடுத்துகிறது.

புணர்ச்சியும் அசையெல்லையும்

சொல்லுறுப்பின் எல்லையும் ஒலியசையின் எல்லையும் எப்போதும் ஒன்றுபடுவதில்லை. வடகரைக்கு அண்மையிலுள்ள குற்றாலத்தின் மூன்று அருவிப் பெயர்கள் இதனை உணர்த்தும்.

முதலாவது, ஐந்தருவி. ஐந்து + அருவி எனப் புணருங்கால் குற்றியலுகரம் கெட்டு, எஞ்சிய தகரமெய் வரும் உயிரோடு கூடுகிறது; ஐந்-த-ரு-வி எனப் பிரிகிறது. தீபகற்பத்தைக் குறிக்கும் ‘ப்ரெஸ்கீல்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லும் இத்தகையது. ‘ப்ரெஸ்க்’ (ஏறத்தாழ), ‘ஈல்’ (தீவு) என்னும் இரண்டும் சேருங்கால் முதற்சொல்லின் ஈற்று எகரம் எழுத்திலும் கெட, ககரமெய் அடுத்த அசைக்குச் சென்று ப்ரெஸ்-கீல் என ஒலிக்கிறது.

இரண்டாவது, பேரருவி. பெருமை என்பது ஈறுகெட்டு முதல் நீண்டு ‘பேர்’ என நிற்க, ரகரமெய் அகரத்தோடு கூடிப் பே-ர-ரு-வி என்றாகிறது. நேர்மையின்மை எனப் பொருள்படும் ‘மலொநெத்தே’ என்பதில் ‘மல்’ என்னும் முன்னொட்டின் லகரமெய், அடுத்துள்ள எழுத்து ஒலியாதாகலின், தொடரும் உயிரோடு இணைகிறது: ம-லொ-நெத்-தே.

மூன்றாவது, புலியருவி. இரண்டு உயிர்களுக்கிடையே யகர உடம்படுமெய் தோன்றிப் பு-லி-ய-ரு-வி என ஐந்து ஒலியசை பெறுகிறது. அணிகலன் என்னும் பொருளுடைய ‘பிழு’ என்ற சொல்லிலிருந்து அணிகலக் கடையைக் குறிக்கும் ‘பிழுத்ரி’ ஆக்கப்படும்போது, மூலச்சொல்லில் இல்லாத தகரமெய் இடையில் தோன்றுகிறது. தமிழில் இது பொதுவிதி. பிரெஞ்சில் சில சொற்களுக்கே உரியது.

எண்ணிக்கை வேறுபாடு

யாப்பில் ‘புலியருவி’ புலி/யரு/வி என மூன்றசையாகும். ஒலியசையினும் எண்ணிக்கை குறைகிறது. பிரெஞ்சில் இதன் மறுதலை. ‘பிழுத்ரி’ இயல்பான பேச்சில் மூன்று ஒலியசையுடையது. மரபுச் செய்யுளிலோ இடையிலுள்ள மெலிந்த எகரமும் எண்ணப்பெற்றுப் பி-ழு-தெ-ரி என நான்காகும். அம்மொழியின் ‘அலெக்சாந்த்ரேன்’ அடியைப் ‘பன்னிரண்டு அசை கொண்டது’ என எழுதினால், தமிழ் மாணவர் அதனை ஈரசைச்சீர் ஆறு கொண்ட அடியாகக் கருதக்கூடும். அங்கு எண்ணப்படுவது ஒலியசையே, சீர்ப்பகுப்பு அன்று.

முடிவுரை

சொல்லாக்கத்தை ஆராய்வோர் உறுப்பெல்லையை முதலிலும், புணர்ச்சிக்குப் பின் அமையும் ஒலியசையை அடுத்தும், செய்யுள் வழக்கை இறுதியிலும் நோக்குதல் தகும். ஒப்பியல் ஆய்வுகளில் ‘அசை’ என்று வாளா கூறாது ஒலியசை, யாப்பசை எனத் தெரித்துக் கூறின், பிறமொழி யாப்பினைத் தமிழ் யாப்பாக மயங்கும் நிலை நீங்கும்.