நாளம் காட்டும் ஒளி

ஊசி ஏற்றுவதற்கு நோயாளியின் கையில் நாளம் அகப்படவில்லை என்றால் அதனைப் பெரிய இடராக நாம் கருதுவதில்லை. ஆனால், ஆயுள் முழுவதும் ஊசியோடு வாழவேண்டியவர்களுக்கு ஒவ்வொரு நாளமும் செலவழிந்து தீரக்கூடிய முதல்.

இத்தகையோர் ஊவா மாகாணத்திலே பலர் உளர். தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய்க்குச் சிகிச்சையளிக்கும் இலங்கையின் முக்கிய நிலையங்களுள் பதுளைப் பெரியாஸ்பத்திரியும் ஒன்று. நோய் கடுமையாயுள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். எல்லவிலிருந்து தெமோதரை, ஹாலிஎல வழியே பதுளை ஏறத்தாழ 20 கிலோமீற்றர்தான். ஆயினும் தோட்டத்துத் தாய்க்கு அது ஒருநாட் சம்பளம். அங்கே நாலைந்து இடங்களில் குத்துப்பட்ட பிள்ளை அடுத்த தவணைக்கு வர மறுத்து அழும். தவணை தவறினால் உடல் சோரும்; வளர்ச்சி குன்றும்.

நாளம் ஏன் அடைபடுகிறது? ஜெர்மானிய வைத்திய அறிஞர் ருடோல்ஃப் விர்கோ 19ஆம் நூற்றாண்டில் இதனை ஆராய்ந்தார். அவர் பெயரால் இன்றும் வழங்கும் விளக்கம் மூன்று காரணங்களைக் கூறும்: ஓட்டம் தளர்தல், நாளச் சுவர் காயப்படுதல், இரத்தத்தின் இயல்பு மாறுதல். ஊசி சுவரைக் காயப்படுத்துகிறது. மண்ணீரல் அகற்றப்பட்ட தலசீமியா நோயாளரிடத்தே இரத்தம் உறையும் போக்கும் மிகுகிறது. ஆகவே குத்திய நாளம் சிவந்து, நொந்து, கயிறுபோல் தடித்துவிடலாம். அப்புறம் அது பயன்படாது.

இவ்விடத்தேதான் நாளம் காட்டும் கருவி உதவிக்கு வருகிறது. கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிர்களை 1800இல் வில்லியம் ஹேர்ஷல் கண்டறிந்தார். அக்கதிர் தோலினுள் ஓரளவு ஊடுருவிச் செல்லும். சூழவுள்ள தசையும் கொழுப்பும் அதனைத் திருப்பி அனுப்ப, இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் அதனை உறிஞ்சிக்கொள்ளும். திரும்பும் கதிரைக் கமரா ஒன்று படம்பிடித்து, அப்படத்தை அக்கணமே அதே தோலின்மேல் ஒளியாக வீழ்த்துகிறது. பச்சை ஒளியிடையே நாளங்கள் கருங்கோடுகளாய்த் தோன்றும். கருநிறத் தோலிலும் கோடுகள் தெரியும் என்பது நம்மவர்க்குப் பெரும் வசதி. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஹேர்பேர்ட் ஸீமனும் அவர் குழுவினரும் ஆக்கிய இவ்வகைக் கருவி, 2000க்குப் பின்னரே வைத்தியசாலைகளுக்குள் வந்தது.

படம் அழகானது, அதுவே அபாயமும் ஆகும். கோடு தெரிகிறது என்பதனால் வழி திறந்திருக்கிறது என்று கொள்ளலாகாது. உறைந்து நிற்கும் இரத்தத்திலும் ஈமோகுளோபின் உண்டன்றோ! அடைபட்ட நாளமும் கருங்கோடாய்த் தோன்றக்கூடும். கைதேர்ந்த தாதி கோட்டின்மேல் இரு விரல்களை வைத்து, இடையிலுள்ள இரத்தத்தை வழித்து வெறுமையாக்கி, ஒரு விரலை எடுத்துப் பார்ப்பார். கோடு மறைந்து மீண்டும் நிரம்பினால் ஓட்டம் உண்டு. வழித்தும் மறையாமல், தொட்டால் தடித்திருந்தால் அதனை விட்டுவிடுவார். பிள்ளைகளிடையே நடந்த பல பரிசோதனைகளிலும் இக்கருவி எல்லாருக்கும் ஒரே அளவில் பயன்படவில்லை. நாளம் எளிதிற் புலப்படுவோர்க்கு அது வேண்டியதே இல்லை. கிடைத்தற்கு அரியவர்க்கே அதன் உதவி.

இன்னொன்றையும் கூறவேண்டும். ஒளி எட்டும் ஆழம் ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர் மட்டுமே. காலின் ஆழ்நாளத்தில் உறையும் இரத்தம் இதற்குத் தெரியாது. அதனை அறியக் கழியொலி ஸ்கான் வேண்டும்; அக்கருவியால் அழுத்தும்போது நல்ல நாளம் அமுங்கும், உறைந்த நாளம் அமுங்காது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு லயத்தில் இருந்துவிடலாகாது. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து.

இக்கருவி எங்கும் இருக்கும் என்று எதிர்பார்த்துச் செல்லவும் இயலாது. முன்பு எந்தக் கையில், எவ்விடத்தில் நாளம் தடித்தது, மண்ணீரல் அகற்றப்பட்டதா, உறைதலைத் தடுக்கும் மருந்து உண்ணப்படுகிறதா என்பவற்றை ஊசி போடுமுன் தாதியிடம் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியிலும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். குளிரில் நாளங்கள் சுருங்கும். எல்லவின் விடியற் பனியில் பஸ் ஏறும் பிள்ளைக்குக் குடிக்க வெந்நீர் கொடுத்து, கைகளைக் கம்பளியால் மூடிக் கொண்டுசெல்லுங்கள். வெதுவெதுப்பான கையைச் சற்றே தாழத் தொங்கவிட்டால், ஒளி இல்லாத இடத்திலும் நாளம் மேலெழுந்து விரலுக்கு அகப்படும்.