போரிடாமல் கலைந்த படைகள்

1051 செப்டம்பர். க்ளஸ்டர் நகரில் மன்னர் எட்வர்ட் தங்கியிருக்கிறார். சில மைல் தெற்கே, பெவர்ஸ்டனில், அவருடைய மாமனார் காட்வின் மகன்களோடும் படையோடும் காத்திருக்கிறார். வடக்கிலிருந்து லெயோஃப்ரிக், சிவர்ட் என்ற இரண்டு பெரும் பிரபுக்கள் மன்னருக்குத் துணையாக ஆட்களைத் திரட்டி வந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூள எல்லாம் தயார்.

ஆனால் மூளவில்லை. நாட்டின் முக்கியமான ஆட்கள் எல்லோருமே இந்த இரண்டு பாசறைகளுக்குள்தான் இருக்கிறார்கள், இவர்கள் வெட்டிக்கொண்டு செத்தால் கடலுக்கு அப்பால் இருக்கும் எதிரிக்குத்தான் லாபம் என்று சிலர் எடுத்துச் சொன்னதாக ஆங்கிலோ-சாக்ஸன் ஆண்டுக்குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. விவகாரத்தை லண்டன் சபையில் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

வெளியே தெரிந்த காரணம் ஓர் அடிதடி. மன்னரின் உறவுக்காரரான பூலோன் பிரபு யூஸ்டஸின் ஆட்கள் டோவர் ஊருக்குள் புகுந்து தங்க இடம் கேட்டு மிரட்டியதில், இரு தரப்பிலும் சுமார் இருபது பேர் வீதம் செத்தார்கள். ஊரைத் தண்டிக்கும்படி மன்னர் சொன்னார். தன் ஆளுகைக்குட்பட்ட மக்களைத் தாக்க முடியாது என்று காட்வின் மறுத்தார். உள்ளே இருந்த பகை இதைவிடப் பழையது. 1036-இல் எட்வர்டின் தம்பி ஆல்ஃப்ரெட் இங்கிலாந்துக்கு வந்தபோது அவரைப் பிடித்துக் கொடுத்தவர் காட்வின்தான் என்பது ஊரறிந்த பேச்சு. கண்களைப் பிடுங்கியதில் ஆல்ஃப்ரெட் இறந்துபோனார். எட்வர்டுக்கு முன் ஆண்ட மன்னரின் கோபத்தைத் தணிக்க, ஆயுதம் தரித்த 80 வீரர்களோடு ஓர் அலங்காரக் கப்பலைக் காட்வின் பரிசளித்தார். அப்படிப்பட்டவரின் மகள் ஈடித்தைத்தான் 1045-இல் எட்வர்ட் மணந்தார். நார்மண்டியில் அகதியாக வளர்ந்து, உள்ளூரில் சொந்தப் படைபலம் இல்லாமல் அரியணை ஏறிய மனிதருக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

மன்னர் பலவீனமானவர், ஆகவே அரசும் பலவீனமானது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அன்றைய ஐரோப்பாவில் இத்தனை கட்டுக்கோப்பான நிர்வாகம் அபூர்வம். நாடு ஷைர் என்ற மாவட்டங்களாகவும், அவை ஹண்ட்ரட் என்ற சிறு வட்டாரங்களாகவும் பிரிக்கப்பட்டிருந்தன. வட்டார மன்றம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, மாவட்ட மன்றம் ஆண்டுக்கு இருமுறை. மன்னரின் ஆணை நாலைந்து வரிகளில், லத்தீனில் அல்லாமல் மக்கள் பேசிய ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, மெழுகு முத்திரை தொங்க மாவட்ட மன்றத்துக்கு வரும். அங்கே உரக்க வாசிக்கப்படும். வரியும் படை ஆளும் நிலக் கணக்கின்படி. பெர்க்‌ஷைரில் ஐந்து ஹைடு நிலத்துக்கு ஒரு வீரன், இரண்டு மாதச் செலவுக்கு 20 ஷில்லிங். எனக்கு இவை எல்லாவற்றையும்விட வியப்பு தருவது நாணயம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புழக்கத்திலிருந்த வெள்ளிப் பென்னிகள் திரும்பப் பெறப்பட்டு, 60-க்கும் மேற்பட்ட ஊர்களில் புது முத்திரையோடு அடிக்கப்பட்டன. ஒவ்வொரு காசிலும் அடித்தவர் பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கும். கள்ளக் காசு அடித்தால் கை போய்விடும்.

1051-இல் எட்வர்டின் கைக்கு உதவியது இந்த இயந்திரம்தான். முறைப்படி படை திரட்ட ஆணை போனது. காட்வினின் மகன் ஹெரால்டின் கீழிருந்த தெயின் என்ற நிலக்கிழார்கள் இனி நேரடியாக மன்னருக்குப் பொறுப்பு என்று அறிவிக்கப்பட்டது. பிரபுவின் பின்னால் நின்ற பலருக்கு அவர் மேல் பாசத்தைவிட நிலத்தின் மேல் கவலை அதிகம். லண்டனை நெருங்க நெருங்க காட்வினின் படை கரைந்தது. வெளியேற ஐந்து நாள் கெடு கிடைத்தது. அவர் ஃப்ளாண்டர்ஸுக்கும், ஹெரால்ட் அயர்லாந்துக்கும் போனார்கள். ராணி கன்னியர் மடத்துக்கு அனுப்பப்பட்டார்.

ஓர் ஆண்டுதான். 1052 செப்டம்பரில் அப்பாவும் மகன்களும் கப்பல்களோடு தேம்ஸ் நதியில் ஏறி, அலை ஏற்றத்துக்குக் காத்திருந்து லண்டன் பாலத்தைத் தாண்டினார்கள். மன்னரிடம் 50 கப்பல்கள் இருந்தன. மறுபடியும் அதே காட்சி: சொந்த இனத்தோடு சண்டை வேண்டாம் என்று இரு தரப்பும் பின்வாங்கின. இம்முறை விட்டுக்கொடுத்தவர் மன்னர். பதவிகள் திரும்பக் கிடைத்தன, ராணி அரண்மனைக்கு வந்தார். கேண்டர்பரி பேராயராக இருந்த நார்மன் ராபர்ட், ஓட்டை உடைசல் கப்பல் ஒன்றில் ஏறித் தப்பினார். அடுத்த ஏப்ரலில் காட்வின் இறந்தார். ஹெரால்ட் அவர் இடத்துக்கு வந்தார்.

இந்த நாகரிகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எதிராளியைக் கொல்லாமல் கப்பல் ஏற்றி அனுப்புவது, முந்தைய தலைமுறையின் கொலைகளைப் பார்த்தவர்களுக்குப் பெரிய முன்னேற்றம். ஆனால் கடல் தாண்டிய யாரும் அரசியலை விட்டுவிடவில்லை. அங்கே கப்பல் கிடைத்தது, கூலிப்படை கிடைத்தது, பெண் கொடுத்த சம்பந்திகள் இருந்தார்கள்.

இதற்கான விலையை 1065-இல் கொடுக்க நேர்ந்தது. நார்தம்ப்ரியாவை ஆண்ட ஹெரால்டின் தம்பி டாஸ்டிக், வழக்கமாகக் குறைந்த வரி கட்டிவந்த வடக்கின் மீது சுமையை ஏற்றினார். எதிரிகள் சிலரைக் கொல்லவும் செய்தார். அக்டோபரில் யார்க்கில் கலகம் வெடித்து அவருடைய ஆட்கள் சுமார் 200 பேர் கொல்லப்பட்டார்கள். கலகக்காரர்கள் லெயோஃப்ரிக்கின் பேரன் மார்கரைத் தங்கள் பிரபுவாக அறிவித்துத் தெற்கே நடந்தார்கள். எட்வர்ட் போர் என்றார்; யாரும் எழவில்லை. பேச்சுவார்த்தைக்குப் போன ஹெரால்ட் அவர்கள் கேட்டதைக் கொடுத்தார். கலகத்தைத் தூண்டியவனே அண்ணன்தான் என்று குற்றஞ்சாட்டிவிட்டு, டாஸ்டிக் மனைவியின் ஊரான ஃப்ளாண்டர்ஸுக்குக் கப்பல் ஏறினார்.

1066 ஜனவரி 5-இல் எட்வர்ட் இறந்தார், மறுநாள் ஹெரால்ட் முடிசூடினார். செப்டம்பரில் டாஸ்டிக் நார்வே மன்னரோடு திரும்பி வந்தார். 25-ஆம் தேதி ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் ஹெரால்ட் அந்தப் படையை அழித்தார், டாஸ்டிக்கும் செத்தார். மூன்று நாளில் தெற்கே நார்மண்டி பிரபு வில்லியம் கரை இறங்கினார். அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸில் ஹெரால்டும் இரண்டு தம்பிகளும் மாண்டார்கள்.

குடும்பத்தில் மிஞ்சியவர்களுக்குத் தெரிந்தது பழைய வழி ஒன்றுதான். ஹெரால்டின் மகன்கள் அயர்லாந்துக்குப் போய்க் கப்பல்களோடு 1068-இல் பிரிஸ்டலைத் தாக்கினார்கள். ஊர்மக்கள் கதவைத் திறக்கவில்லை. சாமர்செட்டில் அவர்களை எதிர்த்துப் போரிட்டு உயிர்விட்டவர் எட்னாத். எட்வர்டின் அரண்மனையில் உயர் பதவி வகித்த ஆங்கிலேயர், இப்போது வில்லியமின் ஆள். மறு ஆண்டு 60-க்கும் மேற்பட்ட கப்பல்களோடு டெவனில் மீண்டும் முயன்றார்கள். பேச்சுவார்த்தைக்கு யாரும் அழைக்கவில்லை. வில்லியமின் தளபதி பிரியான் அவர்களை அடித்து விரட்டினார்.