சிசேரியன் காயமும் கூடுதல் ஆக்சிஜனும்

கிருமிகள் வரும் இரு வழிகள்

சிசேரியன் அறுவையில் வயிற்றுத் தோலும் கருப்பையும் ஒருங்கே திறக்கப்படுவதால், தோலில் வாழும் கிருமிகள் வெளியிலிருந்தும், பிறப்புவழியில் வாழும் கிருமிகள் கீழிருந்தும் காயத்தை எட்டக்கூடும். முன்னவை தையலில் சீழ் பிடிக்கச் செய்ய, பின்னவை கருப்பையின் உட்படலத்தில் அழற்சியை உண்டாக்கிக் காய்ச்சலையும் அடிவயிற்று வலியையும் தருகின்றன. நீர்க்குடம் உடைந்து நெடுநேரம் பிரசவ வலியில் இருந்த பின் அறுவைக்குச் செல்வோருக்கும், உடற்பருமனோ நீரிழிவோ உள்ளோருக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

ஆக்சிஜன் மீது எழுந்த நம்பிக்கை

நியூட்ரோபில் எனப்படும் வெள்ளையணுக்கள் பாக்டீரியாவை விழுங்கி, ஆக்சிஜனைக் கொண்டு தாமே உருவாக்கும் வீரியமிக்க வேதிப்பொருள்களால் அதனைக் கொல்கின்றன. ஆனால் வெட்டுப்பட்ட திசுவில் இரத்த ஓட்டம் குன்றி ஆக்சிஜன் குறைந்துவிடுவதால், அதை மிகுதியாகச் சுவாசிக்கச் செய்தால் தொற்று குறையலாம் என்று கருதப்பட்டது. பெருங்குடல் அறுவைக்கு உள்ளான 500 பேரிடம் நடத்தப்பட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், 30 விழுக்காடு ஆக்சிஜன் பெற்றோரில் 11.2 விழுக்காட்டினருக்கும், 80 விழுக்காடு பெற்றோரில் வெறும் 5.2 விழுக்காட்டினருக்கும் தொற்று ஏற்பட்டது. எந்த அறுவை அரங்கிலும் கிடைக்கும் மலிவான பொருள் என்பதால், மகப்பேற்று மருத்துவர்களும் இதனை நாடியதில் வியப்பில்லை.

சிசேரியனில் கிடைத்த விடை

விடை ஏமாற்றமாகவே அமைந்தது. அமெரிக்காவில் 585 பெண்களிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்விலும், 831 பெண்களைக் கொண்டு 2013-இல் வெளியான ஆய்விலும் கூடுதல் ஆக்சிஜன் தொற்றைக் குறைக்கவில்லை. பெரும்பாலான சிசேரியன்கள் முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி மார்புக்குக் கீழ் மட்டும் மரக்கச் செய்து நடப்பதால், தானே சுவாசிக்கும் பெண்ணின் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே நிறைவாக இருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். அறுவையின்போது 80 விழுக்காடு ஆக்சிஜன் தரலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கே உரியது. தாயின் ஆக்சிஜன் அளவு தாழும்போது அதைக் கொடுப்பது சிகிச்சை, அது வேறு.

உறுதியாகப் பயன் தருபவை

தொற்றைத் தடுப்பதில் முதலிடம் ஆண்டிபயாட்டிக் ஊசிக்கே உரியது. அது கருப்பை அழற்சியையும் காயத் தொற்றையும் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு குறைக்கிறது. முன்னர்க் குழந்தையின் தொப்புள்கொடியில் கவ்வி இட்ட பின்னரே அதைச் செலுத்தும் வழக்கம் இருந்தது. தோலை வெட்டுவதற்கு முன்பே செலுத்துவது மேலானது என்பது இன்று தெளிவாகிவிட்டது. பிரசவ வலி தொடங்கிய பின்னரோ நீர்க்குடம் உடைந்த பின்னரோ அறுவைக்கு வந்த 2,013 பெண்களிடம் நடந்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், வழக்கமான மருந்துடன் அசித்ரோமைசின் என்னும் ஆண்டிபயாட்டிக்கையும் சேர்த்தபோது தொற்று 12 விழுக்காட்டிலிருந்து 6.1 ஆகக் குறைந்தது. ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினியால் தோலைத் துடைப்பதும், முடியை நீக்க வேண்டியிருந்தால் சவரக்கத்திக்குப் பதில் கிளிப்பரைப் பயன்படுத்துவதும் நற்பயன் தருபவை. தொற்று பெரும்பாலும் வீடு திரும்பிய பின்னரே வெளிப்படுவதால், காய்ச்சல், தையலைச் சுற்றிப் பரவும் சிவப்பு, கசியும் சீழ், துர்நாற்றமுள்ள உதிரப்போக்கு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மருந்துக் கடை மாத்திரையோடு நிறுத்திவிடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.