உங்களுக்குத் தெரியுமா?

பனம்பழத்தால் உடுப்புத் தோய்க்கலாம்! 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் கிடைக்காதபோது, யாழ்ப்பாணத்து வீடுகளுக்குக் கைகொடுத்தது பனங்களிதான்.

• நுரைக்குக் காரணம் களியிலுள்ள ‘சபோனின்’. பனங்களியின் கசப்பும் அதனால்தான். பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, அந்த நுரையில் உடுப்பைக் கும்மித் தோய்ப்பார்கள். சரியாக அலசாமல் கொடியில் போட்டால், மணத்துக்கு மாடு வந்து சப்பிவிடும்!

• நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறைப் பக்கம் பல கிணறுகளில் சுண்ணாம்பு கலந்த வன்னீர். சவர்க்காரம் அதில் எளிதில் நுரைக்காது. சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகத் திரளும். சவர்க்காரம்போல் நுரைக்கும் பூவந்திக் கொட்டைக்கு அந்தச் சிக்கல் குறைவு.

• கேத்திலின் அடியில் பிடித்த வெள்ளைப் படிவுக்கு வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ போதும். ஊற்றியதும் சின்னச் சின்னக் குமிழி கிளம்பும். சுண்ணாம்பு கரைகிறது என்று அர்த்தம். பிறகு இரண்டு தரம் அலசுங்கள்.

• பித்தளைக் குத்துவிளக்குக்குப் பழப்புளியும் உப்பும், தேய்க்கத் தேங்காய்த் தும்பும். பிள்ளைகளும் கூடவே இருந்து தேய்க்கலாம். கையில் காயம் இருந்தால் மட்டும் எரியும்.

• அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்தால் காரம் ஏறும். அந்தச் சட்டி குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

• வினாகிரியை ஒருபோதும் ‘பிளீச்’சுடன் கலக்காதீர்கள். நச்சுக் குளோரின் வாயு வெளிவரும்.