‘வண்டு’ச் சத்தம் வராத எஞ்சின் எது?

1935 நவம்பர் 27 அன்று இரத்மலானையில் முதன்முதலாக ஒரு விமானம் தரையிறங்கியது. மதராஸ் விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்த டின்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த ‘புஸ் மொத்’ அது. டி ஹவிலண்ட் நிறுவனத் தயாரிப்பு. மூடிய சிறிய அறை, மேலே ஒரே இறக்கை, மூக்கில் 120 குதிரைவலு கொண்ட ‘ஜிப்சி’ எஞ்சின். 1932 ஒக்ரோபர் 15 இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு பறந்ததும் இதே வகை விமானத்தில்தான்.

வெள்ளவத்தையில் வசிக்கும் என் அக்காவின் மகன் இந்தப் புஸ் மொத்தை நான்கில் ஒரு பங்கு அளவில் செய்யத் தொடங்கியிருக்கிறான். உண்மையான விமானத்தின் இறக்கை நீளம் 11.2 மீற்றர். மாதிரியில் அது 2.8 மீற்றர். தொடர்மாடி வீட்டு வரவேற்பறையில் கோணலாக வைத்தால்தான் அடங்கும். எடை சுமார் பத்துக் கிலோ வரும். “மாமா, என்ன எஞ்சின் போடலாம்?” என்று கேட்டான்.

வேறு வீடென்றால் பதில் சுலபம். இந்த எடைக்கு முப்பது முதல் நாற்பது சீசீ வரையான டூ ஸ்ரோக் பெற்றோல் எஞ்சின் போதும். மரம் அறுக்கும் இயந்திரத்தின் வழிவந்தது அது. கார்புரேற்றரும் அதே வகை என்பதால், உள்ளே இருக்கும் றப்பர் தகடு கிழிந்தால் வெளிநாட்டுக்கு எழுத வேண்டியதில்லை. மரம் அறுக்கும் இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடையில் விசாரித்துப் பார்க்கலாம். விலையும் குறைவு.

ஆனால் அக்கா 2009 வரை வன்னியில் இருந்தவர். ‘வண்டு’ என்றால் என்ன என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அது வட்டமிட்டுப் போன பிறகு என்ன வந்தது என்பதையும்தான். அந்த வேவு விமானத்திலும் இருந்தது சிறிய பெற்றோல் எஞ்சினும் வேகமாகச் சுழலும் விசிறியுமே. டூ ஸ்ரோக் எஞ்சின் பூட்டிய பெரிய மாதிரி விமானம் ஒன்று தலைக்கு மேலே சுற்றினால், கண்ணை மூடிக் கேட்பவருக்கு அதே இரைச்சல்தான். அக்கா ஒரே வரியில் சொல்லிவிட்டார்: “சத்தம் வந்தாப் பரவாயில்லை. அந்தச் சத்தம் வேண்டாம்.”

இதைக் கணக்காகவே பார்க்கலாம். டூ ஸ்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 7,500 சுற்று என்றால் செக்கனுக்கு 125 வெடிப்பு. ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். 6,600 சுற்றில் ஓடினால் செக்கனுக்கு 55. பழைய ஜிப்சி எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 2,000 சுற்றில் அது செக்கனுக்கு 67 வரை வரும். ஆக, ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ரோக்கின் அடித்தொனி 1935 இல் இரத்மலானையில் கேட்டதற்குக் கிட்டவே நிற்கிறது. டூ ஸ்ரோக் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கீச்சென்று எழும்.

எஞ்சின் மட்டும் சத்தம் போடுவதில்லை. விசிறியின் நுனி காற்றைக் கிழிக்கும் சத்தமும் பெரிது. 20 அங்குல விசிறி 7,500 சுற்றில் ஓடும்போது அதன் நுனி செக்கனுக்கு 200 மீற்றர் வேகத்தை எட்டும். 24 அங்குல விசிறியை 4,500 சுற்றில் மெதுவாக ஓட்டினால் 144 மீற்றர்தான். இந்த வேலையை மின்மோட்டார் நன்றாகச் செய்யும். ஐந்து அம்பியர்-மணி கொண்ட 44 வோல்ற் லிதியம் பற்றரியில் அண்ணளவாக 220 வாற்-மணி சக்தி இருக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கைத்தான் பயன்படுத்தலாம். சராசரியாக 1,000 வாற் எடுத்தால் பத்து நிமிடம் பறக்கலாம். பழைய விமானம் சாகசம் செய்யாது, மெதுவாக மிதக்கும். பத்து நிமிடம் போதும்.

என் தலைமுறைக்கு இந்தத் தெரிவெல்லாம் விசித்திரமானது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் இல்லை, ரோர்ச்சுக்குப் பற்றரியும் இல்லை. மோட்டார் சைக்கிளை இரண்டு சொட்டுப் பெற்றோலில் உதைத்துக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். வானொலிக்குச் சைக்கிள் டைனமோவைச் சுற்றினோம். 2022 இல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றபோது, கேனில் பெற்றோல் தர மறுத்ததைக் கொழும்பும் பார்த்தது. எதை நம்பி எஞ்சின் வாங்குவது என்ற கேள்வி எங்களுக்கு வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல.

மெதனாலில் ஓடும் ‘குளோ’ எஞ்சினை நான் முதலிலேயே தள்ளிவிட்டேன். எரிபொருளைத் தேடி அலைய வேண்டும் என்பது ஒன்று. மற்றது புஸ் மொத்தின் மூக்கு. ஜிப்சி எஞ்சினின் சிலிண்டர்கள் கீழ்நோக்கித் தொங்கும். விமானிக்கு முன்பார்வை மறையாமலிருக்க அப்படிச் செய்தார்கள். ஒடுங்கிய அந்த மூக்குக்குள் மாதிரி எஞ்சினையும் தலைகீழாகத்தான் வைக்க வேண்டும். அப்போது எண்ணெய் வடிந்து குளோ பிளக்கை நனைத்து அணைத்துவிடும். பொறி பாய்ச்சும் பெற்றோல் எஞ்சின் இதைத் தாங்கும். ஆனால் காற்று உள்ளே வரும் வாயைவிட வெளியேறும் வாய் இரண்டு மடங்காவது பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடேறி இறுகும்.

ஃபோர் ஸ்ரோக் பாரமானது, விலையும் அதிகம். பாரத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. குட்டையான மூக்குள்ள பழைய விமானங்களில் சமநிலைக்காக எப்படியும் ஈயம் கட்டுவார்கள். ஈயத்துக்குப் பதில் எஞ்சினே இருக்கட்டும். பணம்தான் இடிக்கிறது. தொடர்மாடியில் எஞ்சினை ஓட்டிப் பழக்கவும் முடியாது. கொட்டாஞ்சேனையில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் நண்பர் பகலில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு காலத்தில் இதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளிலிருந்து தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி அனுப்பிய நாட்களில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் இளைஞனின் அறையில் றிமோட் கருவியும் எஞ்சினும் கிடைத்திருந்தால் அவன் கதி என்ன? இப்போதும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதியை முதலில் கேட்க வேண்டும். 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகு ட்ரோன்களுக்கான அனுமதி ஒரேயடியாக இடைநிறுத்தப்பட்டதை மறக்கலாகாது. கடிதம், அடையாள அட்டைப் பிரதி, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

என் தெரிவு ஃபோர் ஸ்ரோக். பணம் சேரும்வரை மின்மோட்டார். இரண்டுக்கும் பொருந்துமாறு மூக்குப் பலகையைப் பின்தள்ளி அமைத்து, பற்றரித் தட்டை முன்பின் நகர்த்தக்கூடியதாக வைக்க வேண்டும். அளவெடுத்து முடியும்வரை பலகையில் துளை போடாதே என்று அவனிடம் சொன்னேன்.